ஏழாம் நம்பர் மெஷினின் நோட்டு

எங்கள் பக்கெட் கம்பெனியில் ஒன்பது மெஷின்கள் இருந்தன. அவற்றில் ஏழாவதற்கு முன்னால் இருபத்தோரு வருஷம் நின்றவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏழாம் நம்பர் அக்கா' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் அச்சடித்திருக்கும். அதை யாராவது வாசித்துக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிறவளைத் தேடுவாள்.

நான் பேக்கிங் பிரிவு. கம்பெனியில் அவளுக்குப் பத்தடி தள்ளி, வீட்டில் ஒரு சுவர் தள்ளி. அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவளைச் சொல்லச் சொன்னால் முக்கியமானதையெல்லாம் விழுங்கிவிட்டு, "அவ்வளவுதான்டி" என்று முடித்துவிடுவாள்.

அவள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்குள் பிளாஸ்டிக் குருணை உருகும். உருகியது அச்சுக்குள் பாய்ந்து இறுகும். கதவைத் திறந்தால் சுடச்சுட ஒரு பக்கெட். அதை எடுத்துக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்தது தயாராவதற்குள் இதன் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, கைப்பிடியை மாட்டி, அடுக்கில் வைக்க வேண்டும். எல்லாம் நாற்பத்தைந்து விநாடிக்குள். பிறகு மறுபடியும் கதவு. இப்படியே பன்னிரண்டு மணி நேரம். அக்காவுக்கு நேரத்தின் கணக்கே பக்கெட்தான். "இருடி, ரெண்டு பக்கெட் நேரத்துல வந்துடறேன்" என்பாள். முட்டை வேகப் பத்து பக்கெட். மகளைப் பெற்றபோது எவ்வளவு நேரம் வலி இருந்தது என்று கேட்டேன். "ஒரு முழு ஷிப்ட், ஓவர்டைமோட சேர்த்து" என்றாள்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அக்கா. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அதே மெஷினில் அவள் வீட்டுக்காரர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர்கள் புருஷன் பெண்டாட்டி ஆனதற்கே ஏழாம் நம்பர்தான் காரணம்.

ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ஷிப்ட் நோட்டு கயிற்றில் தொங்கும். வேலை முடித்துப் போகிறவர் மெஷினின் நிலவரத்தை அதில் எழுத வேண்டும். வேலைக்கு வருகிறவர் அதைப் படித்துவிட்டுக் கீழே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாமா அந்த மெஷினுக்கு மாற்றலாகி வந்த புதிதில், 'அச்சு இடது பக்கம் சூடு அதிகம்' என்று அக்கா எழுதுவாள். பதினைந்து நாளில் அது 'அச்சு இடது பக்கம் சூடு அதிகம், கை பத்திரம்' என்று ஆயிற்று. இன்னும் பத்து நாளில், 'நேற்று இருமினீர்கள், மருந்து குடித்தீர்களா?' என்றும் வந்துவிட்டது.

கல்யாணத்துக்குக் கேட்டதும் நோட்டில்தான். ஒரு நாள் காலையில் மாமா எழுதிவைத்துவிட்டுப் போனார்: 'தண்ணீர்க் குழாய் சரி. குருணை மூன்று மூட்டை இருப்பு. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா?' அக்கா கீழே 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த மனுஷன் அன்று பகல் முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லாமல் மாலையில் வந்து நோட்டைத் திறந்தால், 'சம்மதம். மூன்றாவது மூட்டை ஈரம், காயவைத்துப் போடவும்' என்று இருந்தது.

கல்யாணத்துக்கு இருவருக்கும் ஒரு வாரம் லீவு. அதன் பிறகு மகள் பிறந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எந்நேரமும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று, எதிரெதிர் ஷிப்டிலேயே தொடர்ந்தார்கள். ஷிப்ட் மாறும் கொஞ்ச நேரம் மட்டும் பிள்ளை வாசல் காவலாளியிடம். வார விடுமுறைகூட அவளுக்கு ஒரு நாள், அவருக்கு ஒரு நாள். அவள் வீட்டில் இருக்கும் பகலில் அவர் தூங்குவார். இப்படி இருபது வருஷம். குடும்பம் முழுக்க அந்த நோட்டில்தான் நடந்தது. 'பிசிறு அதிகம். பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து ஜன்னலில்.' சூப்பர்வைசர் ஒரு தரம் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இது கம்பெனி நோட்டா, உங்க வீட்டு அடுப்படியா?" என்று கத்தினார். மறுநாள் அவரே வந்து, "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா?" என்று கேட்டார்.

அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே. என் வீட்டில் தினம் ஒரு கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி ஓர் அமைதி. எனக்குப் பொறாமையாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு மாமா பிளாஸ்கில் டீ போட்டுக் கொண்டுவருவார். அக்கா நின்றபடியே குடித்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுவாள். மறுநாள் நோட்டில், 'அச்சு சரி. டீ நன்றாக இருந்தது' என்று எழுதுவாள். நான் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். "அப்ப நானும் ராத்திரி வேலைக்குப் போயிடறேன்" என்றார்.

ஏழாம் நம்பர் மெஷின்மீது எனக்கு ஒரே ஒரு பழைய வருத்தம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், அந்த மெஷினில் ஒரே ஷிப்டில் செய்த பக்கெட் எண்ணூறும் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. தண்ணீர் ஊற்றினால் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. "பேக்கிங்ல தூக்கிப் போட்டு விரிசல் விட்டிருக்காங்க" என்று பழி எங்கள் தலையில் விழுந்தது. புதிதாக வந்தவள் நான்தானே, அழுதுகொண்டே எண்ணூறு பக்கெட்டையும் அரவை மெஷினில் போட்டேன். உண்மையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் கம்பெனியை மூடினார்கள். எங்கிருந்தோ கப்பலில் வரும் பக்கெட், எங்கள் குருணை விலைக்கே கடையில் விற்றது. போதாக்குறைக்கு, பெயிண்ட் வாங்கினால் பக்கெட் இலவசம். வீட்டுக்கு வீடு பெயிண்ட் பக்கெட்டில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டிப் பார்த்து, "இது எந்தக் கம்பெனிது?" என்று கேட்காமல் நகர மாட்டேன்.

முதலாளி எங்களை முற்றத்தில் நிறுத்தி, ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். அறுபது பேர் நின்றோம். அவர் குரலும் நடுங்கியது. அதற்காக எனக்குக் கோபம் குறையவில்லை. ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக மெஷின்களை நிறுத்திக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அக்கா மட்டும் மெஷினுக்குள் மிச்சம் நின்ற பிளாஸ்டிக்கை வெளியே தள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பிறகு அச்சைத் துடைத்துத் துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினாள்.

"மூடின கம்பெனி மெஷினுக்கு எதுக்குக்கா கிரீஸ்?"

"அப்படியே விட்டுட்டுப் போனா அடுத்து வர்றவங்க திட்டுவாங்கடி."

நோட்டில் எழுதினாள்: 'மெஷின் சுத்தம். அச்சுக்குக் கிரீஸ் போட்டாயிற்று. அடுத்த ஷிப்ட் இல்லை.' விஷயம் தெரிந்தும் மாமா ஆறு மணிக்கு டீயோடு வந்தார். நோட்டை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். கீழே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேக்கிங் மேஜையைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அவர்கள் வீடு இரண்டு அறை. ஒரு கட்டில். அதில் ஒருவர் எழுந்தால் ஒருவர் படுப்பார்கள். இரண்டாவது கட்டிலுக்குத் தேவையே வந்ததில்லை. இப்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த வீட்டில் நடமாட வேண்டும். அவள் காயில் உப்புப் போடுவாள்; பின்னாலேயே வந்து அவரும் போடுவார். எழுதிவைக்க நோட்டு இல்லையே, போட்டாயிற்று என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் சாவி அவரிடம் இருக்கிறது என்று அவளும், அவளிடம் இருக்கிறது என்று அவரும் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ரேடியோவை அலறவிடுவார் என்று அவளுக்குத் தெரியாது. வேலை செய்யும்போது அவள் ஒரே பாட்டின் ஒரே வரியை நாள் முழுக்க முணுமுணுப்பாள் என்று அவருக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் எங்கள் எவருக்குமே தெரியாது.

மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். போனில் அவளிடம் இருவரும் மாறி மாறிப் புகார் சொன்னார்கள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல முழிச்சிருந்து நானே பார்த்ததில்லம்மா. எனக்கு என்ன தெரியும்?" என்று அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்றும் கேட்டாள். அன்று இருவரும் சண்டை போடவில்லை. அவள் படிப்பு நிற்கக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

பெரிய சண்டை டீயில் வந்தது. மாமா டீ போட்டுக் கொடுத்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, அன்றைக்கு என்ன மனநிலையோ, "எனக்குச் சர்க்கரை பிடிக்காது" என்று சொல்லிவிட்டாள்.

"என்னைக்கிலிருந்து?"

"பிறந்ததிலிருந்து."

"இருபது வருஷமா 'டீ நன்றாக இருந்தது'ன்னு எழுதினியே?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் முகம் சிவந்துவிட்டது. சுவரில் காது வைக்கத் தேவையில்லாமலே எனக்குக் கேட்டது. "ஷிப்ட் நோட்டுல பொய் எழுதியிருக்க! ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. அதை நம்பித்தானே நான் மெஷினையே ஓட்டினேன்? இன்னும் என்னென்ன பொய்யோ!"

"கல்யாணம் ஆன முதல் மாசமே சர்க்கரை வேண்டாம்னு எழுதினேன்" என்றாள் அக்கா. சொன்னதும், சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் வாயை மூடிக்கொண்டாள்.

"எழுதியிருந்தா நான் படிச்சிருப்பேன். ஒரு எழுத்து விட்டதில்ல நான்!"

"சரி, விடுங்க."

"ஏன் விடணும்? பொய்க்காரின்னு ஒத்துக்கோ."

எங்கள் மாமா நல்லவர்தான். ஆனால் வேலை போன ஆண்பிள்ளைக்கு, தான் எதிலாவது சரியாக இருந்தேன் என்று நிரூபித்தே ஆகவேண்டிய ஒரு வியாதி வருகிறது. என் வீட்டிலும் அதே வியாதி இருந்தது. அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் தங்கச்சி வசிக்கும் ஊரில், நாலு மணி நேரப் பஸ் தூரத்தில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனி இருக்கிறதாம். மெஷின் ஓட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். விடுதியில் தங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"போறேன்டி" என்றாள். "பாப்பா படிப்பு முடியணும். அதுவுமில்லாம, பொய்க்காரின்னு சொன்ன மனுஷன்கூட ஒரே வீட்ல எப்படி இருக்கறது? மறுபடி தள்ளித் தள்ளியே இருந்துடலாம். அதுதான் எங்களுக்குப் பழக்கம்."

"மாமா என்ன சொன்னார்?"

"போன்னுட்டார்."

எனக்கு மனசே ஆறவில்லை. கம்பெனிதான் போயிற்று, இந்தக் குடும்பமும் போகவேண்டுமா? என் சுயநலத்தையும் மறைப்பானேன்: அவள் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பாட்டில் மூடிக் கம்பெனியில் அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். எங்கள் ஆபீசில் கையெழுத்துப் போட ஆளே இல்லை. "ஷிப்ட் நோட்டு இருக்கே! உன் கையெழுத்து தினமும் இருக்குமே" என்றேன் நான். நல்ல யோசனை சொன்ன பெருமையில் நான் இருக்க, அக்காவின் முகம் ஏனோ வெளுத்தது. "வேண்டாம்டி, வேற ஏதாவது பார்ப்போம்" என்றாள். ஆனால் மாமா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "போவோம்! நானும் வரேன்! அந்த முதல் மாச நோட்டை நானும் பார்க்கணும்!" என்று குரல் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். வாசலில் பழைய காவலாளியே இருந்தார். "மத்தியானம் பழைய பேப்பர் லாரி வருது, அதுக்குள்ள எடுத்துக்கோங்க" என்று விட்டுவிட்டார். ஆபீஸ் படிக்கட்டுக்கு அடியில் மெஷின் வாரியாகக் கட்டிவைத்திருந்த நோட்டுகளில் ஏழாம் நம்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு மெஷின் கூடத்துக்கு வந்தோம். அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கூச்சமாக இருந்தது. ஏழாம் நம்பருக்கு முன்னால் மூன்று பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். அக்கா எழுந்துபோய் மெஷினின் கதவைத் திறந்து அச்சைத் தொட்டுப் பார்த்தாள். கிரீஸ் அப்படியே இருந்தது.

மாமா மிக உற்சாகமாக முதல் நோட்டைப் பிரித்தார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். 'சம்மதம்' வந்த பக்கத்தில் கொஞ்சம் மெதுவானார். பிறகு வேகமெடுத்தார். "இல்ல... இங்கயும் இல்ல... நான்தான் சொன்னேனே..." என்றவர் ஒரு பக்கத்தில் நின்றார். விரல் நகரவில்லை.

அவர் நினைத்திருந்தால் பேசாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவர் நோட்டைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்: 'அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுகிறது. அச்சைச் சரிபார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். டீயில் சர்க்கரை வேண்டாம், எனக்குப் பிடிக்காது.' கீழே அவருடைய கையெழுத்து. 'பார்த்தேன்.'

"பார்த்தேன்னு போட்டுட்டு..." என்றார். "பார்க்கவே இல்ல. விடியவிடிய ஓட்டியிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எண்ணூறு பக்கெட்!" என்று எழுந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்த பக்கெட் உருண்டு போனது. "அந்த ஓட்டை பக்கெட்! பேக்கிங் மேல பழி போட்டாங்களே! நான் மூணு நாள் அழுதேனே! அக்கா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டி" என்றாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டு. "மறுநாள் காலைல வந்து பார்த்தப்பவே தெரியும். சொன்னா இவர் வேலை அன்னைக்கே போயிருக்கும். கல்யாணம் ஆகி ஒரு மாசம். நான் என்னடி செய்ய?"

"அப்ப சர்க்கரை?"

"மறுபடி சர்க்கரை வேண்டாம்னு எழுதினா, முன்னாடி எழுதினதைப் படிக்கலயான்னு பேச்சு வரும். சூப்பர்வைசர் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். நேர்ல சொன்னா, எழுதியிருக்கலாமேன்னு இவரே பழைய பக்கத்தைப் புரட்டுவார். ஆறு மாசம் பயந்துட்டே குடிச்சேன். அப்புறம் பழகிடுச்சு. டீ நன்றாக இருந்ததுன்னு எழுதினா, இந்தப் பக்கத்தைத் தேடி யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு நினைப்பு."

மாமா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு பக்கெட் நேரம் ஆகியிருக்கும். "அன்னைக்கு உன்னைப் பத்தியே யோசிச்சிட்டு வந்திருப்பேன். அதான் படிக்கல" என்றார்.

"இந்த ஐஸ் எல்லாம் வேண்டாம்" என்றாள் அக்கா. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்து மூடிக்கொண்டு கேட்டாள்: "கடைசி நாள் ஒரு 'பார்த்தேன்' போட்டீங்களே, அது?"

"அதை எழுத்து எழுத்தாப் படிச்சேன்" என்றார் மாமா. கண் கலங்கிவிட்டது. "வேற வேலைதான் இல்லையே." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்ம்மா. எண்ணூறு தடவை" என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் சிரிப்பு ஜெயித்தது. அவளைப் பொய்க்காரி என்றதற்கு அவளிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உருண்ட பக்கெட்டைத் தேடுகிற சாக்கில் நான் ஒன்பதாம் நம்பர்வரை போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை நோட்டுகளை இரண்டு பக்கெட்டில் போட்டு மாமாவே தூக்கிக்கொண்டு வந்தார். பேக்கிங்குக்கு ஆள் கேட்பார்களோ என்று நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே பேக்கிங்கை ஒரு மெஷின் செய்கிறதாம். அதைக் கண்ணாடி வழியாக ஒரு முறை முறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேனேஜரம்மா கண்ணாடி போட்ட, சிரிக்காத ஆள். சும்மா ஒரு நோட்டைப் புரட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொன்றைப் புரட்டினார். டீ வந்தது, ஆறியது. அவர் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இருபது வருஷத்துல மெஷின் ஒரே ஒரு தடவைதான் பெரிசா கெட்டிருக்கு" என்றார். "நிஜமாவா?"

"நிஜம்ங்க" என்றாள் அக்கா.

"இந்த இன்னொரு கையெழுத்து யாரோடது?"

அக்கா, பக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற மாமாவைக் காட்டினாள்.

மேனேஜரம்மாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "அட, நல்லதாப் போச்சு! ராத்திரி ஷிப்ட் ஆளும் போன வாரம் நின்னுட்டார். அதே மெஷின். பகல்ல நீங்க, ராத்திரி அவர். உங்களுக்குப் பழக்கம்தானே? திங்கட்கிழமையே வந்துடுங்க."

நான் அக்காவின் தொடையில் தட்டினேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது எனக்கு. ஒன்றுக்கு இரண்டு வேலை! மகள் படிப்பு முடிந்த மாதிரிதான்!

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா அக்காவைப் பார்த்தார். "ஒரே ஷிப்ட்னா வரோம்ங்க" என்றாள் அக்கா.

நான் தட்டிய இடத்திலேயே கிள்ளினேன். அவள் அசையவில்லை.

"ஒரே ஷிப்ட்ல ரெண்டு இடம் இப்ப காலி இல்லையே" என்றார் மேனேஜரம்மா. "ஏன், இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தீங்க?"

மாமா தொண்டையைச் செருமினார். "இருபது வருஷத்துச் சண்டை பாக்கி இருக்கு மேடம். இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம். அதை முடிக்க ரெண்டு பேரும் ஒண்ணா வீட்ல இருக்கணும்."

மேனேஜரம்மா சிரிக்கிற ஆள் இல்லை என்று சொன்னேன் அல்லவா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் இடம் காலியில்லை என்று, போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பிவைத்தார். திரும்பும் பஸ்ஸில் நான் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். கையில் கிடைத்ததை விட்டுவிட்டு வருகிறாளே என்று வயிறு எரிந்தது. அவர்கள் முன் சீட்டில் பக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே நோட்டைச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் திட்டியது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

பதினோரு நாள் போன் வரவில்லை. அந்தப் பதினோரு நாளும் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ அலறியது, ஒரே பாட்டின் ஒரே வரி ஓடியது, நடுநடுவே சண்டை, நடுநடுவே சிரிப்பு. பன்னிரண்டாம் நாள் காலையில் மேனேஜரம்மா கூப்பிட்டார். ஒருவரை ராத்திரிக்கு மாற்றிவிட்டாராம். மூன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும், இரண்டும் பகல் ஷிப்ட். அக்கா சுவரைத் தட்டி, "ஒரு பக்கெட் நேரத்துல வாடி!" என்று கத்தினாள். நான் அரை பக்கெட்டில் போனேன்.

அவர்கள் வீடு காலி செய்த அன்று நான் வெளிப்படையாகவே அழுதேன். இப்போது எனக்கு ஒரு பேக்கரியில் பிஸ்கட் பெட்டி ஒட்டும் வேலை. ஒரு நன்மை, பிஸ்கட்டில் ஓட்டை இருந்தால் பேக்கிங்கைத் திட்ட மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். புது வீட்டிலும் இரண்டே அறைதான். அடுப்படி ஆணியில் ஒரு புது நோட்டு கயிற்றில் தொங்கியது. எடுத்துப் புரட்டினேன். 'காயில் உப்புப் போட்டாயிற்று. சாவி என்னிடம். ரேடியோ சத்தம் அதிகம்.' 'பாட்டின் இரண்டாவது வரியும் உண்டு, கற்றுக்கொள்ளவும்.' அக்கா நான் வந்ததைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்து எழுதினாள்: 'எனக்குச் சர்க்கரை வேண்டாம். இவளுக்கு இரண்டு ஸ்பூன்.' மாமா வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வரி வரியாக வாசித்துவிட்டுக் கீழே எழுதினார். 'பார்த்தேன்' இல்லை. 'படித்தேன்.'

என் டீயில் சரியாக இரண்டு ஸ்பூன் இருந்தது. குடித்து முடித்து, நானும் பேனாவை வாங்கி நோட்டில் எழுதினேன்: 'டீ நன்றாக இருந்தது. எண்ணூறு பக்கெட்டை இன்றோடு மறந்துவிட்டேன்.'

மாமா அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.